ஒப்பாரியில்லாத் துயரம்

துயரம் என்னும் ஒரு சொல்லால் நாம் பல பொருள்களைக் குறிக்கின்றோம். மகவை இழந்த தாயின் துயரமும் துயரமே. ஊர் நடுவே ஒருவனால் இழித்துரைக்கப்பட்டு, வாய் திறவாது வீடு திரும்பினவளின் துயரமும் துயரமே. முன்னதற்கு ஊர் திரண்டு வருகின்றது. பின்னதற்கு ஒருவரும் வருவதில்லை. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையைச் சிறிது விளக்கி, பின்னதாகிய துயரினின்றும் ஒரு பெண்மணி எங்ஙனம் மீண்டு வளர்ந்தார் என்பதனை, நம் மதுரையிலேயே வெளிவந்த ஒரு நூலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், மேலூர்ப் பக்கத்து நன்செயாயினும் சரி, தெற்கே விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலாயினும் சரி, ஒரு வீட்டில் சாவு நேர்ந்ததெனின் அதனை ஊருக்கு அறிவிப்பது பறையொலி. அதனை அடுத்தெழுவது பெண்டிர் குரல். தெருமுனை திரும்பும்போதே தலைவிரித்து மாரடித்துக்கொண்டு வரும் பெண்கள், இழவு வீட்டுப் பெண்களின் தோள்களைக் கட்டிக்கொண்டு வட்டமாய் அமர்வர். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், ஏனையோர் தொடர்வர். இறந்தாரின் பெருமையிற் றொடங்கும் அப்பாட்டு, சிறிது நேரத்திற்குள் பாடுகின்றவளின் சொந்தக் குறைகளிற் சென்று நிற்கும். மாமியார் வீட்டில் பட்ட பாடு, உடன்பிறந்தான் சீர் செய்யாது விட்டது, கணவன் குடித்துக் கெட்டது ஆகிய எல்லாம் அங்கே வெளிவரும். மற்றை நாளில் அவள் அவற்றைச் சொல்லியிருப்பின் வாயடக்கப்பட்டிருப்பாள். அன்று அவளைத் தடுப்பார் இல்லை. தமிழ்நாட்டுச் சாவுச் சடங்குகளை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே என்னும் மானிடவியல் அறிஞர் 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலுக்கு, இறந்தாருக்காக எவரும் அழுவதில்லை என்று பொருள்படும் பெயரை இட்டனர். நம் கிராமத்துப் பாட்டிமார் அதனைக் கேட்டால் வியப்படையார். இதனைச் சொல்லவா இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்தாய் என்று சிரிப்பர்.

ஆகவே ஒப்பாரி என்பது வெறும் அழுகையன்று. பிறர் தோளின் தாங்குதலும், வாய்விட்டுச் சொல்லும் உரிமையும், துக்கத்திற்கு ஒரு கால எல்லையும் அதன்கண் ஒருங்கே அமைந்துள்ளன. கருமாதி முடிந்தபின் வீட்டைக் கழுவி விடுகின்றனர். அடுப்பில் மீண்டும் உலை ஏறுகின்றது. மனநோய் மருத்துவர் இக்காலத்தில் பல வாரங்கள் கூட்டி வைத்துச் செய்யும் வேலையை, எழுத்தறியாத பெண்டிர் தலைமுறை தலைமுறையாகத் திண்ணையடியில் செய்து வந்துள்ளனர்.

கற்றோர் மரபிலும் இதற்கு இடமுண்டு. புறத்திணை இலக்கணம் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்தது. தந்தையையும் பறம்பையும் ஒருங்கிழந்த பாரி மகளிரின் பாட்டினைப் பயிலாத தமிழ் மாணாக்கர் இல்லை. இம்மதுரையிலேயே, கணவனை இழந்த கண்ணகி பாண்டியன் அவையேறி வழக்குரைத்தாள். அவள் துயரம் நகரையே எரித்தது. சேரநாட்டில் அவளுக்குக் கோயிலும் எழுந்தது. ஈண்டு ஒன்று கூறாதிருக்க எம்மால் இயலவில்லை. பாரி மகளிர் வேள் குலத்தினர். கண்ணகி பெருவணிகனான மாநாய்கன் மகள். நாற்று நட்டுக் களை பறித்தவளின் துயரத்தை அவளே தன் வாயால் உரைக்க, அதனை நாடு நூலெனப் போற்றிய காலம் நம் இலக்கிய வரலாற்றில் மிகப் பிந்தியே வந்தது.

நிற்க. இறந்தவர் ஒருவர் இருந்தால்தான் ஒப்பாரி உண்டு. பிணம் இல்லாத துயருக்கு யார் வந்து தோள் கொடுப்பர்? பள்ளியிலே திருடி என்று பழிக்கப்பட்ட சிறுமிக்கு இழவு வீடு இல்லை. தான் நம்பிய பணி பொய்யாய்ப் போயிற்று என்று கண்டு நடுவயதில் வெறுங்கையோடு நிற்கும் பெண்ணுக்குக் கருமாதி இல்லை. மேலும், சாவுத் துயரைக் காலம் ஆற்றும் என்பது ஒருவாறு உண்மையே. ஏனெனில் இறந்தவர் மீண்டும் இறப்பதில்லை. அவமானமோ நாடோறும் புதிதாய்ப் பிறக்கின்றது. இத்தகைய துயரை என் செய்வது என்பதே எம்முடைய வினா.

இவ்வினாவுக்கு விடையாக யாம் காணும் நூல் ‘கருக்கு’ என்பது. அது 1992 ஆம் ஆண்டு மதுரையில் வெளியாயிற்று. அதனை எழுதியவர் பாமா என்னும் புனைபெயருடைய அம்மையார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில், ஒடுக்கப்பட்ட குலத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் 1958 இல் பிறந்தவர். திறனாய்வாளராகப் பெயர் பெற்று 2024 இல் மறைந்த ராஜ் கௌதமன் இவர் தமையனார். ஊரின் மலைகளையும் குளங்களையும் தெருக்களையும் வருணித்துக்கொண்டு தொடங்கும் அந்நூல், விரைவிலேயே அத்தெருக்களின் அமைப்பில் உள்ள சூதினைக் காட்டிவிடுகின்றது. அஞ்சல் நிலையமும் கடைகளும் கோயிலும் பள்ளிக்கூடங்களும் மேற்குலத்தார் பக்கத்தில் இருக்கின்றன. ஆகையால் அவர்கள் இப்பக்கம் வரவேண்டிய தேவையே இல்லை.

மூன்றாம் வகுப்பிற் படிக்கும் காலத்தில் ஒருநாள் அச்சிறுமி பள்ளியினின்றும் திரும்புகையில், தன் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலமொன்றை, அதனைக் கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டவாறே கொண்டு வந்து நிலக்கிழாரிடம் குனிந்து கொடுக்கக் காண்கின்றாள். பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்து வரும் அக்காட்சி அவளுக்கு வேடிக்கையாய்த் தோன்றுகின்றது. வீட்டிற்கு வந்து தமையனிடம் சொல்லிச் சிரிக்கின்றாள். தமையன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதனால்தான் அவர் அங்ஙனம் கொண்டு சென்றார் என்று விளக்குகின்றான். சிரிப்பு அவ்விடத்திலேயே அவிந்து போகின்றது. நன்றாய்ப் படி, படிப்பில் முன்னே நின்றால் இவ்விழிவைக் களையலாம் என்பதும் அவன் சொல்லே. அவள் படித்தாள். பாட்டிமார் மேற்குலத்தார் வீடுகளில் வேலை செய்து, உயரத்தினின்றும் ஊற்றப்பட்ட தண்ணீரைக் கைகுவித்துக் குடித்து, மிஞ்சின சோற்றை வாங்கி வந்ததையும் பார்த்துக்கொண்டே படித்தாள்.

படித்தவளையும் இழிவு தொடராமல் விடவில்லை. பள்ளியில் விளையாடும்போது ஒரு தேங்காய் கீழே விழுந்ததற்காக, அவளைத் திருடி என்று தலைமையாசிரியர் குலப் பெயர் சொல்லித் தூற்றுகின்றார். மன்னிப்புக் கடிதத்திற்காகக் குருவானவரிடம் சென்றால், சேரிப் பிள்ளைதானே, செய்தாலும் செய்திருப்பாய் என்னும் கருத்தில் அவரும் பேசுகின்றார். ஆசிரியர் சொன்னதைக் காட்டிலும் இஃதே கொடிது என்பது எம் கருத்து. பிறன் அடித்த அடியைத் தந்தையிடம் சொல்லி அழச் சென்ற பிள்ளைக்குத் தந்தையும் ஓர் அடி கொடுத்து அனுப்பினாற் போன்றது அது. கிறிஸ்தவர்களுக்குள் சாதி இல்லை என்று மேடையில் பேசுவோர் இப்பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுதல் நலம். அரசியலும் அவ்வாறே இரு பக்கமும் கைவிட்டது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வகுத்த 1950 ஆம் ஆண்டின் ஆணை கிறிஸ்தவர்களை அதிற் சேர்க்கவில்லை. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்.

பாமா பட்டம் பெற்று ஆசிரியையானார். தம்மைப் போன்ற ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்னும் பேரவாவினால் வேலையை விட்டுத் துறவு மடத்திற் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது வேறு. வறுமை விரதம் பூண்டோர் வாழ்வில் வறுமை இல்லை. செல்வர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கே பணி நடந்தது. சாதி மடத்தின் மதிலையும் ஏறிக் குதித்து உள்ளே வந்திருந்தது. ஏழாண்டு பொறுத்தவர், இறுதியில் வெளியேறினார். வேலையும் இல்லை, கையிற் பொருளும் இல்லை; மடத்தை விட்டு வந்தவள் என்னும் ஊர்ப்பேச்சு மட்டும் இருந்தது. திரும்பிச் செல்லவும் இயலாது, புதிய வாழ்வில் ஒட்டவும் இயலாது நின்ற அந்நிலையினைக் கையறுநிலை என்றே சொல்லலாம். ஆனால் இறந்தவர் எவரும் இலர். இழந்தது தம் வாழ்வின் பெரும்பகுதி.

அப்பொழுது அவர் எழுதத் தொடங்கினார். தம் உள்ளத்துக் காயங்களை ஆற்றிக்கொள்வதற்காகவே எழுதியதாகவும், வேறு நோக்கம் தமக்கு இருந்ததில்லை என்றும் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். நூலினை ஊன்றிப் படிப்போர்க்கு அது ஒப்பாரியின் நடையிலேயே செல்வது புலனாகும். பிறப்பு, கல்வி, தொழில் என்னும் வரிசையில் அது செல்வதில்லை. சிறு வயதினின்றும் மடத்திற்குத் தாவும். மடத்தினின்றும் பாட்டியிடம் திரும்பும். ஒரே காயத்தை மும்முறை தொட்டுப் பார்க்கும். இடையே சிரிப்பும் உண்டு. பிள்ளைகளின் விளையாட்டுக்களும், ஊரார்க்கு ஊரார் வைத்த பட்டப்பெயர்களும், திருநாட் கொண்டாட்டங்களும் நிறைய வருகின்றன. துயர்மட்டும் எழுதப்பட்டிருந்தால் அந்நூல் இவ்வளவு வலிமை பெற்றிராது. தம் மக்கள் இரக்கத்திற்குரியவர் மட்டும் அல்லர். ஆடவும் பாடவும் ஏளனம் செய்யவும் வல்லவர் என்று கண்டுகொண்டதே அவர் குணமடைந்ததன் தொடக்கம் என்று யாம் எண்ணுகின்றோம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கருக்கு’ முழுவதும் அவ்வூர்ப் பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டது. தமிழிலக்கணம் பயிலும் எம்மைப் போன்றாரிற் சிலர் இதற்கு முகஞ் சுளிப்பர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், உலக வழக்கினையும் செய்யுள் வழக்கினையும் ஒருங்கே இலக்கணத்திற்கு முதலாக வைத்தார் என்பதை அன்னார் நினைவிற் கொள்வாராக. அன்றியும் இதில் வேறொரு நுட்பம் உண்டு. எந்தப் பேச்சினால் ஒருவர் இழித்துரைக்கப்பட்டாரோ, எந்தப் பேச்சினை வகுப்பறையில் மறைத்து மறைத்து நா கூசினாரோ, அந்தப் பேச்சினையே அச்சிற் கொண்டு வருவது, ஒளித்து வைத்த தாயைக் கூடத்திற்கு அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்துவது போன்றதாம்.

கருக்கு என்னும் சொல்லும் ஆழ்ந்த பொருளுடையது. பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரத்தின் பற்களைப் போல் அமைந்த கூர்மைக்கு அப்பெயர். விறகு பொறுக்கச் சென்ற சிறு வயதில் அது தம்மைக் கீறியதுண்டு என்று ஆசிரியை முன்னுரையில் நினைவுகூர்கின்றார். கீறுவதும் அதுவே; அறுப்பதற்குக் கருவியாவதும் அதுவே. புறப்பாட்டில் மன்னர் கை வாள் பெற்ற சிறப்பினை, விறகுச் சுமையில் வந்த பனங்கருக்கு இங்கே பெற்றுவிட்டது.

சொல்லப்படாத துயரம் எங்கே செல்கின்றது? இதற்குப் பாமாவின் இரண்டாம் நூலாகிய ‘சங்கதி’யில் (1994) ஒரு விடை கிடைக்கின்றது. அவ்வூர்ப் பெண்களிற் சிலரைப் பேய் பிடிக்கின்றது. கோடாங்கி உடுக்கடித்து ஓட்டுகின்றான். மேற்குலத்துப் பெண்களை விட்டு இவர்களையே பேய் ஏன் தேடிப் பிடிக்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்கின்றாள் கதை சொல்லும் பெண். காட்டில் வேலை, வீட்டில் வேலை, கூலியிற் குறைவு, இரவிற் கணவன் அடி. இவற்றையெல்லாம் தாங்கித் தாங்கி மனம் இற்றுப் போகும்போது அது பேயின் வாயாற் பேசுகின்றது என்று தெளிகின்றாள். யாம் ஒப்பாரியைப் பற்றி முன்னே கூறியதோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. அங்கே பிணம் வேண்டியிருந்தது. இங்கே பேய் வேண்டியிருக்கின்றது. தன் பெயரால் தன் குறையைச் சொல்லும் உரிமை மட்டும் ஏழைப் பெண்ணுக்கு ஓரிடத்தும் கொடுக்கப்படவில்லை.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண்டிரின் வரலாறு நினைவிற்கு வருதல் இயல்பே. இரு மக்களுக்கும் உள்ள ஒற்றுமை புதிதாய்க் கண்டதன்று. 1946 இல் டாக்டர் அம்பேத்கர், கறுப்பினத் தலைவராகிய டூ பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1972 இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம், 1966 இல் அமெரிக்காவில் தோன்றிய கருஞ்சிறுத்தைகளின் பெயரையே தழுவியது. பெண்கள் எழுதிய நூல்களிலோ இவ்வொற்றுமை இன்னும் நெருக்கமானது. மாயா ஏஞ்சலோ (1928–2014) 1969 இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தமக்குச் சிறு வயதில் ஒருவன் இழைத்த கொடுமையைக் கூறுகின்றார். அதனை அவர் வெளியிற் சொல்லியபின் அவன் கொல்லப்பட்டான். தன் வாய்ச்சொல்லே ஓர் உயிரைக் கொன்றது என்று அஞ்சிய அக்குழந்தை ஏறத்தாழ ஐந்தாண்டு பேசாதிருந்தது. அர்க்கன்சாவில் ஸ்டாம்ப்ஸ் என்னும் சிற்றூரில் பிளவர்ஸ் என்னும் பெயருடைய அம்மையார் ஒருவர் புத்தகங்களைக் கொடுத்து, அவற்றை வாய்விட்டுப் படிக்கச் செய்து, அக்குழந்தையின் நாவினை மீட்டார். புதுப்பட்டியில் தமையன் சொன்னதும் அதனையே ஒத்தது: படி என்றான்.

கறுப்பினப் பெண்களின் துயரையும் மீட்சியையும் பற்றியே தனி நூல் ஒன்று எழுதினவர் பெல் ஹூக்ஸ். அந்நூல் 1993 இல் வெளிவந்தது. அதாவது ‘கருக்கு’ வந்த மறு ஆண்டு. தாம் கற்பித்த இடத்துக் கறுப்பின மாணவியரைக் குழுவாகக் கூட்டி, அவரவர் துயரை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்தவர் அவர். அக்குழுவிற்கு ஆப்பிரிக்கர் உணவாகிய வள்ளிக்கிழங்கின் பெயரை இட்டார். அப்பெயரை நினைப்பித்தது டோனி கேட் பம்பாரா என்பவர் 1980 இல் எழுதிய நாவல். அந்நாவலின் தொடக்கத்தில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த பெண்ணை நோக்கி மருத்துவச்சிக் கிழவி, நீ குணமாகத்தான் விரும்புகின்றாயா என்னும் கருத்தில் வினவுகின்றாள். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவனிடம் நம் ஆண்டவர் கேட்டதும் அவ்வினாவே. வீண் வினாவெனத் தோன்றும், வீணன்று. குணமடைதல் என்பது பழைய நோயோடு கூடியிருந்த ஒதுங்கலையும் வாய்மூடலையும் விட்டெழுந்து நடப்பதாகலின், அதற்கு ஒருவர் இசைய வேண்டியிருக்கின்றது.

இனி ஒரு தடை எழலாம். பாமா எழுதியதனால் சாதி ஒழிந்ததா? ஒழியவில்லை. ஊரார் மகிழ்ந்தனரா? அதுவும் இல்லை. தங்களை இழிவாய்க் காட்டிவிட்டாள் என்று சினந்த ஊர், ஏழு மாத காலம் அவரை உள்ளே வரவிடவில்லை. தம் மக்களுக்காக எழுதிய நூலே தம் மக்களிடமிருந்து தம்மைப் பிரித்தது அவருக்கு எத்துணை நோவாயிருந்திருக்கும்! ஆயினும் ஊராரைக் குறைகூற எமக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாய் மறைத்துக் காத்த புண்ணை ஒருத்தி சந்தியில் திறந்து வைத்தால் கூச்சம் வராதோ? பின்னர் அந்நூல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பாக 2000 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வந்து, கிராஸ்வேர்ட் பரிசும் பெற்றது. கல்லூரிகளில் பாடமும் ஆயிற்று.

எம்மோடு ஒத்த வயதினரான மாணாக்கருள், தம் குடியில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவர் பலர். எந்த ஊர் என்று கேட்டபின், ஊரில் எந்தப் பக்கம் என்று மதுரையில் ஒருவர் கேட்டால் அதன் பொருள் என்னவென்று அவர்களுக்குத் தெரியும், கேட்பவர்க்கும் தெரியும். விடை சொல்லாது பேச்சை மாற்றக் கற்றுக்கொண்ட நண்பர்களை யாம் அறிவோம். பட்டம் பெற்றுவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று பெரியோர் அவர்களைத் தேற்றுகின்றனர். நல்லெண்ணத்தோடே சொல்கின்றனர். ஆனால் பாமா பட்டமும் பெற்றார், வேலையும் பெற்றார், துறவும் பூண்டார், மறந்து போகவில்லை. தேங்காய் விழுந்த நாள் அவரோடு கூடவே மடத்திற்கும் சென்றது. அதனை எடுத்துச் சொல்லிய பிறகே அவர் கால் நிலத்திற் பாவியது. மடத்தை விட்டபின் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஆசிரியையாய் அமர்ந்து, தாம் எந்தப் பிள்ளைகளுக்காகத் துறவு பூண்டாரோ அந்தப் பிள்ளைகளுக்கே, துறவின்றிப் பாடம் சொன்னார்.

‘கருக்கு’ தம் காயத்தைப் பற்றிய நூல். ‘சங்கதி’ தம்மைச் சுற்றியிருந்த பெண்களின் பேச்சு. முதல் நூலில் தாம் அழுதவர், இரண்டாவதில் பிறர் அழுகையையும் பாட்டையும் வசையையும் காது கொடுத்துக் கேட்பவராகின்றார். அவ்வூரில் பிள்ளைப்பேறு பார்க்கும் வெள்ளையம்மாப் பாட்டி அதில் வாயோயாமற் பேசுகின்றாள். பெண் குழந்தை ஒன்று பிறந்ததைப் பற்றிய பேச்சோடு அந்நூல் தொடங்குகின்றது.